நாலு ஆம்பியர், எட்டு மணி நேரம்

“அவ சாகத்தான் போனாளா, இல்ல எவன்கூடவாவது போனாளா? இந்த ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்லுங்க. எனக்கு அது போதும்.”

வந்த பெண்மணி இன்னும் உட்காரவே இல்லை. கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு கதவருகிலேயே நின்றார். ஐம்பதைத் தாண்டிய வயது. அழுது சிவந்த கண்கள். இரண்டு கன்னத்திலும் காதை நோக்கி ஓடும் மெல்லிய பள்ளம். தலையணை அழுத்தினால் ஒரு கன்னத்தில்தான் கோடு விழும். இவருக்கு இரண்டு பக்கமும் அளவெடுத்தாற்போல் விழுந்திருந்தது. துப்பறிவாளர் அதைக் கவனித்தார். ஏன் என்று மட்டும் கேட்கவில்லை. அழுதுகொண்டு வருகிறவர்களிடம் முகத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பதை அவர் மனைவியிடம் படித்திருந்தார்.

அவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். காவல்துறையில் இருந்த காலத்தில், திருடனைத் துரத்திக்கொண்டு மற்றவர்கள் ஓடுவார்களாம். இவர் மட்டும் நடந்து போய், அவன் எந்தச் சந்தில் வெளியே வருவானோ அந்தச் சந்தின் முனையில் நின்றுகொண்டிருப்பாராம். அப்போது ஒட்டிய பெயர். அந்த வேலையை விட்டுச் சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது, மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது அலுவலகமும் வீடும் ஒன்றே. முன்னறையில் மேசை, பின்னறையில் கட்டில், ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் சுவர்.

உதவியாளர் என்று ஒருவர் உண்டு. மனைவியின் தம்பி. அக்கா போன பிறகும் அத்தானை விட்டுப் போகாத மனுஷன். இன்ஷூரன்ஸ் விற்று, வாடகைக் கார் ஓட்டி, எதுவும் கைகூடாமல் இங்கே வந்து ஒட்டிக்கொண்டவர். வாய் மட்டும் ஓயாது. நிதானம் அவரை மச்சான் என்பார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

“முதல்ல உக்காருங்கம்மா,” என்றார் மச்சான். “நீங்க நின்னுட்டே இருந்தா மரியாதைக்கு எங்க அத்தானும் எந்திரிக்கணும். அவர் எந்திரிச்சு முடிக்கறதுக்குள்ள மத்தியானம் ஆயிடும்.”

பெண்மணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். அவர் பல் மருத்துவமனை ஒன்றின் லேபில் பல்செட் செய்பவர். காணாமல் போனது அவருடைய அக்கா. துணை மின்நிலையத்தில் முப்பத்தொரு வருடம் பொறியாளராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவர். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒரே வீட்டில், எதிரெதிர் அறைகளில், ஒருவர் சமைத்தால் ஒருவர் பாத்திரம் தேய்த்து, பேச்சைச் சிக்கனமாகச் செலவழித்துக்கொண்டு இத்தனை வருடம் ஓட்டிவிட்டார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் அக்கா ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினார். லீவு நாளெல்லாம் அதிலேயே கிடந்து, சுரண்டி, பூசி, ஒயர் இழுத்து அதை ஒரு வீடாக்கினார். தங்கை அதில் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அக்காவும் இல்லை, படகும் இல்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. தங்கை அதை நீட்டினார்.

‘படகில் போகிறேன். தேட வேண்டாம். கேஸ் சிலிண்டர் மாற்றிவிட்டேன். குளியலறைக் குழாயை இறுக்கி மூடவும்.’

“சாகப் போறவங்க குழாயைப் பத்தியெல்லாம் எழுத மாட்டாங்கம்மா,” என்றார் மச்சான்.

“எங்க அக்கா எழுதுவா,” என்றார் தங்கை.

மச்சான் வாயை மூடிக்கொண்டார். அபூர்வம்.

“போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே புடவையெல்லாம் எடுத்துக் குடுத்துட்டா. புத்தகத்தை லைப்ரரிக்கு அனுப்பிட்டா. போனை மேசை டிராயர்ல வச்சிட்டுப் போயிருக்கா. போலீஸ்ல கேட்டா, விவரம் தெரிஞ்சவங்க, சொந்தப் படகு, சொந்த விருப்பம், நாங்க என்ன பண்றதுங்கறாங்க. துறைமுக ஆபீஸ்ல தெக்குப் பக்கமா போனதைப் பார்த்தேன்னு ஒருத்தர் சொன்னார். அதுக்கப்புறம் தகவலே இல்லை.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “ராத்திரி எதிர் ரூம்ல இருமல் சத்தம்கூட இல்லைங்க. இருக்கறப்ப அந்த இருமல் எரிச்சலா இருக்கும்.”

நிதானம் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்தார். “கடைசியா என்ன பேசினாங்க?”

“சனிக்கிழமை சாயங்காலம் நான் டி.வி. பார்த்துட்டு இருந்தேன். வந்து நின்னு, ‘நாளைக்குக் காலையில கிளம்பலாமா?’ன்னு கேட்டா. சும்மா ஒரு சுத்து சுத்தக் கூப்பிடறான்னு நெனச்சேன். ‘என்னை விடு, நீ போ’ன்னேன். ‘சரி, நான் போறேன்’னு சொன்னா. அவ்வளவுதான்.”

“அவங்க மேசையில வேற ஏதாவது இருந்ததா?”

கைப்பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டு வந்தது. படகுத்துறைப் பக்கம் உள்ள ஒரு பேட்டரிக் கடையினுடையது. பின்பக்கம் பொடி எழுத்தில் பதினோரு தேதிகள். நிதானம் சுவர்க் காலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பதினொன்றும் சனிக்கிழமைகள்.

“ஒரு பேட்டரி வாங்க பதினோரு சனிக்கிழமையா?” மச்சான் வியந்தார். “நான் காதலிச்சப்பகூட இத்தனை தடவை போகலை அத்தான்.”

“அதனாலதான் உன்னை எல்லாரும் வேண்டாம்னாங்க,” என்று எழுந்தார் நிதானம். நிஜமாகவே நேரம் எடுத்துக்கொண்டார்.

*

கடை, படகு செப்பனிடும் பட்டறைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்தது. தரையிலிருந்து இடுப்புயரத்துக்கு பேட்டரிகள். அமிலமும் ரப்பரும் கலந்த வாசனை. கல்லாவுக்குப் பின்னால் சட்டையெல்லாம் பொத்தல் பொத்தலாக ஒரு பெரியவர், வோல்ட் மீட்டரின் இரண்டு ஒயர் முனைகளையும் வாயில் கவ்விக்கொண்டு ஒயர் சீவிக்கொண்டிருந்தார். பேட்டரிக்காரர்.

அக்காவின் புகைப்படத்தைக் காட்டியதும் அவற்றை எடுத்துவிட்டுச் சிரித்தார். “இன்ஜினியரம்மா! இவங்களை மறக்க முடியுமா? என்னை உலுக்கி எடுத்துட்டாங்க. நாப்பது வருஷமா விக்கறேன், இவங்க கேட்ட கேள்வியை எவனும் கேட்டதில்லை.”

“என்ன கேட்டாங்க?”

“வீட்டு பேட்டரி கேட்டாங்க. இன்ஜினை ஸ்டார்ட் பண்றதுக்கு ஒரு பேட்டரி இருக்கும், அது ஒரு நிமிஷம் முறுக்கிட்டுப் படுத்துக்கும். வீட்டு பேட்டரின்னா படகுல குடித்தனம் பண்றதுக்கு. லைட்டு, ஃபேன், ஃப்ரிட்ஜ், வயர்லெஸ், எல்லாம் அதுலதான். ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுக்கணும், பகல்ல சோலார் வந்து ரொப்பணும், மறுபடி குடுக்கணும். இப்படி வருஷக்கணக்கா ஓடணும். அதுல எது உழைக்கும், எது கழுத்தறுக்கும்னு தெரியாம கண்ணை மூடிட்டு வாங்கிட்டுப் போய் நடுக்கடல்ல இருட்டுல உக்காந்திருக்கறவங்க நெறைய.”

“இவங்க கண்ணைத் திறந்து வாங்கினாங்க.”

“விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு வாங்கினாங்க! தண்ணி ஊத்தற ஈய பேட்டரி காட்டினேன். படகு சாஞ்சா அமிலம் சிந்துமே, பாதிக்கு மேல காலி பண்ணினா ஆயுசு போயிடுமேன்னு தள்ளிட்டாங்க. ஜெல் அடைச்சது காட்டினேன். வெயில்ல எத்தனை வருஷம் தாங்கும்னு கேட்டு, கம்பெனிக்காரன் புத்தகத்தையே வாங்கிட்டுப் போய்ப் படிச்சிட்டு வந்து அதுவும் வேண்டாம்னாங்க. கடைசியில லித்தியம். மூவாயிரம் தடவை காலி பண்ணி ரொப்பலாம். அதுலயும் விட்டாங்களா? ஒரே பெருசா வேண்டாம், ரெண்டு பாதியாப் போடுங்க, ஒண்ணு செத்தா மத்தது தானா எடுத்துக்கணும்னாங்க. ‘ஒரு ராத்திரிகூட நடுவுல நிக்கக் கூடாது’, இதையே நூறு தடவை சொல்லியிருப்பாங்க.”

மச்சான் விரல் விட்டு எண்ணினார். “மூவாயிரம் ராத்திரின்னா எட்டு வருஷம் அத்தான். அடுத்த வாரம் சாகப் போறவங்க எட்டு வருஷத்துக்கு பேட்டரி வாங்குவாங்களா? கேஸ் முடிஞ்சது. சாகப் போகலை. சாப்பிடப் போகலாம்.”

நிதானம் அசையவில்லை. “பெரியவரே, எவ்வளவு பெரிய பேட்டரி வேணும்னு நீங்க எப்படி முடிவு பண்ணுவீங்க?”

பேட்டரிக்காரர் பெருமையாகச் சுவரைக் காட்டினார். ‘பட்டியல் இல்லாமல் பேட்டரி இல்லை’ என்று அட்டையில் கொட்டை எழுத்து. “என்னென்ன ஓடும், எத்தனை ஆம்பியர், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம். எழுதிக் குடுத்தாத்தான் கல்லாவைத் திறப்பேன். ஒருத்தர் பட்டியலைப் பார்த்தா அவங்க எப்படிக் குடித்தனம் பண்றாங்கன்னு சொல்லிடுவேன்.”

“இன்ஜினியரம்மா பட்டியல் இருக்கா?”

ஒரு தடித்த ஃபைலிலிருந்து அது வந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட காகிதம், அச்சடித்தாற்போல் எழுத்து. நிதானம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். நங்கூர விளக்கு, பன்னிரண்டு மணி நேரம். ஃப்ரிட்ஜ். வயர்லெஸ். தண்ணீர் பம்ப். கட்டில் விளக்கு, இரண்டு. கட்டில் ஃபேன், இரண்டு.

“ரெண்டு!” மச்சான் துள்ளினார். “பார்த்தீங்களா? ஒத்தை ஆளுக்கு எதுக்கு ரெண்டு கட்டில் லைட்டு? முதுகைத் திருப்பிப் படுத்தா முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணா? ஆள் இருக்கு அத்தான். அறுபதை நெருங்கற வயசுல கிளி மாதிரி பறந்துட்டாங்க. எனக்கு அந்தம்மாவைப் பிடிச்சிருக்கு.”

நிதானத்தின் விரல் கடைசி வரியில் நின்றது. அதற்குப் பெயரே இல்லை. பொருளின் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. ‘4 ஆம்பியர், 8 மணி நேரம், இரவு 10 முதல் காலை 6.’ கீழே இரண்டு கோடு.

“இது என்ன?”

“கேட்டேன். ‘அது ஓடணும், அவ்வளவுதான்’னாங்க. அப்புறம் நான் கேக்கலை. அந்த ஒரு வரிக்காகத்தான் பேட்டரியே இவ்வளவு பெருசாச்சு.”

“ஆளோட போறவங்களுக்கு ராத்திரி பத்துல இருந்து ஆறு வரைக்கும் என்ன ஓடும்?” என்று ஆரம்பித்த மச்சான், அத்தானின் பார்வையைக் கண்டு மீதியை விழுங்கினார்.

பட்டியலை இரவல் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் படி இறங்கினார்கள். பின்னாலிருந்து பேட்டரிக்காரர் குரல் கொடுத்தார். “அவங்களைப் பார்த்தா சொல்லுங்க, அந்தப் பிரச்சினைக்கு நான் கம்பெனியில கேட்டுட்டேன்னு.”

நிதானம் திரும்பினார். “எந்தப் பிரச்சினை?”

“முந்தாநாள்தான் போன் பண்ணாங்களே! புதன்கிழமை. ஏதோ ஒரு சின்னத் துறைமுகத்து ஆபீஸ் போன். இன்னிக்கு அஞ்சு மணிக்கு மறுபடி கூப்பிடறேன்னாங்க.”

மச்சான் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “யோவ் பெரியவரே, ஒரு குடும்பமே உசிரைக் கையில பிடிச்சிட்டு இருக்கு, நீங்க ஒயர் சீவிட்டு இருக்கீங்க!”

“எனக்கு என்னய்யா தெரியும்? காணோம்னு யாரும் என்கிட்ட சொல்லலையே. அவங்க பேட்டரியைப் பத்திதான் பேசினாங்க.”

“என்ன பிரச்சினைன்னு சொன்னாங்க?” நிதானத்தின் குரல் மாறியிருந்தது.

“வேடிக்கையான பிரச்சினை சார். எல்லாரும் பேட்டரி சீக்கிரம் காலியாகுதுன்னு திட்டுவாங்க. இவங்க, காலியாகவே மாட்டேங்குதுன்னாங்க. காலையில பார்த்தா முக்கால்வாசிக்கு மேல அப்படியே இருக்காம், பத்து மணிக்கெல்லாம் சோலார் ரொம்பிடுதாம். லித்தியத்தை நாள் கணக்கா ரொம்பினபடியே வச்சிருந்தா ஆயுசு குறையும், அதுக்கு என்ன பண்ணலாம்னு கேட்டாங்க. ராத்திரியில எதையாவது ஓட விடுங்க, பாரம் ஏத்துங்கன்னேன்.”

நிதானம் கையிலிருந்த பட்டியலை மறுபடி பிரித்தார். மனைவி இறந்த மறுமாதம் மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர், “ஊர்ல இல்லையா சார்? பாதிதான் ஓடியிருக்கு” என்று கேட்டது நினைவுக்கு வந்தது. ஊரில்தான் இருந்தார். வீட்டைவிட்டு நகரக்கூட இல்லை. ஒரு ஆள் இல்லாமல் போனது அந்த மீட்டருக்கு அவரைவிடத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அன்றைக்கு அந்த மனிதரிடம் அவர் கோபித்துக்கொண்டார். அது அநியாயம் என்று இப்போதும் நினைத்தால் வலிக்கும்.

“மச்சான்,” என்றார் மெதுவாக. “ரெண்டு பேருக்குன்னு வாங்கின பேட்டரி காலியாகலைன்னா என்ன அர்த்தம்?”

“நல்ல பேட்டரின்னு அர்த்தம்.”

“ரெண்டாவது ஆள் படகுல ஏறவே இல்லைன்னு அர்த்தம்.”

மச்சானின் முகத்திலிருந்து குறும்பு இறங்கியது. “அப்போ அந்தம்மா தனியாத்தான் போயிருக்காங்களா? எவனோ நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டானா?”

“அந்த ‘எவனோ’ யாருன்னு பார்க்கத்தான் இப்பப் போறோம்.”

*

சகோதரிகளின் வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்த தங்கையின் முகத்தில் இருந்த கேள்விக்கு நிதானம் முதல் வார்த்தையிலேயே பதில் சொன்னார். “உயிரோட இருக்காங்க. புதன்கிழமை போன் பேசியிருக்காங்க.”

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். வாய்விட்டு அழுதார். மச்சான் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவர் கேட்ட கேள்வி: “யார்கிட்ட பேசினா?”

“பேட்டரிக் கடையில.”

“பேட்டரிக் கடைக்கா? எனக்கு ஒரு போன் பண்ணத் தோணலை, பேட்டரிக் கடைக்குப் பண்ணினாளா?” அழுகை நின்று கோபம் ஏறியது. நிதானத்தின் கையிலிருந்த பட்டியலைப் பிடுங்கிப் பார்த்தார்.  “ரெண்டு லைட்டு, ரெண்டு ஃபேன்! நான் அப்பவே நெனச்சேன். யாரு அவன்? இத்தனை வருஷம் எதிர் ரூம்ல இருந்துட்டு என்கிட்ட மறைச்சிருக்கா. நான் இங்க என்ன, வாடகைக்கா இருந்தேன்?”

“கடைசி வரியைப் பாருங்கம்மா,” என்றார் நிதானம். “நாலு ஆம்பியர். ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும் நிக்காம ஓடணும். நடுவுல ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாதுன்னு பதினோரு சனிக்கிழமை அலைஞ்சிருக்காங்க. ஃபேன் நின்னா வேர்க்கும், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் நின்னா பால் திரியும். நின்னா ஆபத்துங்கற மாதிரி அப்படி என்ன இருக்கு? இந்த வீட்ல ராத்திரி பத்துல இருந்து ஆறு வரைக்கும் என்ன ஓடுது?”

“இங்க என்னங்க ஓடும்? ஒண்ணும் ஓடாது. ஃப்ரிட்ஜ் இருக்கு, அப்புறம் என்னோட…”

அவர் தன் அறைப் பக்கம் திரும்பினார்.

நிதானம் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். “உங்க கன்னத்துல ரெண்டு பக்கமும் கோடு இருக்கு. ராத்திரி முகத்துல ஏதோ பட்டை போட்டுத் தூங்கறீங்க. காலையில உங்களைப் பார்த்தப்பவே கேட்டிருக்கணும். அசடு மாதிரி விட்டுட்டேன்.”

தங்கை எழுந்து தன் அறைக் கதவைத் தள்ளினார். கட்டில் தலைமாட்டில் சின்ன ஸ்டூல், அதன்மேல் ரொட்டிப் பெட்டி அளவுக்கு ஒரு சாம்பல் நிற மிஷின். அதிலிருந்து நெளிந்து வரும் குழாய், குழாயின் முடிவில் மூக்கை மூடும் மாஸ்க், மாஸ்க்கின் இரண்டு பக்கமும் பட்டை.

“தூக்கத்துல எனக்கு மூச்சு நின்னு நின்னு வரும்,” என்றார் தங்கை. “ஆறு வருஷமா இதைப் போட்டுத்தான் தூங்கறேன். கரண்ட் போனா அக்கா ஓடி வந்து தட்டி எழுப்பிடுவா. விடியற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருப்பா.”

மச்சான் குனிந்து மிஷினின் அடியில் ஒட்டியிருந்த தகட்டை உரக்கப் படித்தார். “பன்னெண்டு வோல்ட். நாலு ஆம்பியர்.” அதற்குமேல் நகைச்சுவை எதுவும் வரவில்லை.

“அந்த ‘எவன்’ நீங்கதாம்மா,” என்றார் நிதானம். “பேர் எழுதாம விட்டது, உங்க உடம்பு விஷயத்தைக் கடைக்காரர்கிட்ட சொல்ல வேண்டாம்னு. இதைப் பத்தி அவங்க உங்ககிட்ட எப்பவாவது பேசினாங்களா?”

தங்கை கட்டிலில் உட்கார்ந்தார்.  “போன வருஷம் ரிட்டயர் ஆனப்ப. ‘படகுல என்கூட வந்துடேன், ஊர் ஊராப் போகலாம்’னா. எனக்குப் போக இஷ்டமில்லை. அதைச் சொன்னா மனசு கஷ்டப்படுவாளேன்னு, ‘இந்த மிஷினைத் தூக்கிட்டு நான் எங்க வர்றது? கடல்ல யாரு கரண்ட் குடுப்பா? குடுத்தா வர்றேன்’னு சொல்லிட்டு சீரியல் பார்க்க ஆரம்பிச்சிட்டேன். அவ ஒண்ணும் சொல்லலை. நானும் அதோட மறந்துட்டேன்.”

“அவங்க மறக்கலை.”

“நான் சாக்குச் சொன்னேங்க. அவ அதைப் போய்…” முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “அவ ஆபீஸ் பழக்கமே அதுதான். ஒருத்தர் ஸ்விட்ச் போடுன்னு உத்தரவு குடுத்தா மத்தவங்க அதைத் திருப்பிச் சொல்லணும். சொல்லிட்டா செய்யணும், ரெண்டாவது கேள்வி கிடையாது. கேட்டா உசிர் போயிடும்பா. வீட்லயும் அப்படித்தான். எதையும் ஒரு தடவைதான் கேப்பா. அன்னிக்கு ‘கிளம்பலாமா’ன்னு ஒரு தடவை கேட்டா. நான் டி.வி.யைப் பார்த்துக்கிட்டே ‘நீ போ’ன்னேன். அவ திருப்பிச் சொன்னா. போயிட்டா.”

 மணி நாலே கால். நிதானம் முதல் முறையாக அவசரப்பட்டார். “கிளம்புங்கம்மா. அஞ்சு மணிக்கு அந்தக் கடைக்குப் போன் வரும்.”

*

ஐந்து அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். பேட்டரிக்காரர் விஷயத்தைக் கேட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தங்கை உட்காரவில்லை. கல்லாவின் மேல் இருந்த பழைய போனையே பார்த்துக்கொண்டு, “என்கூடப் பேச மாட்டா, என் குரலைக் கேட்டதும் வச்சிடுவா” என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்து மணி ஆயிற்று. ஐந்தே கால் ஆயிற்று. மச்சான் போன் ஒயரைச் சரிபார்த்தார். நிதானம் வாசலில் நின்று கட்டிப்போட்ட படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் படகுகளில் ஆளே இல்லை. மீதிப் பாதியில் ஒவ்வொருவர் இருந்தார்கள். ஐந்து இருபதுக்குப் போன் மணி அடித்தது.

தங்கை ரிசீவரை எடுத்தார். காதில் வைத்து அழுத்திக்கொண்டார். பழைய போன் என்பதால் அந்தப் பக்கத்துப் பேச்சு கடை முழுக்கக் கேட்டது. பதற்றமில்லாத, அதிகாரியின் குரல்.

“பேட்டரிக் கடைங்களா? லேட் ஆயிடுச்சு, மன்னிக்கணும். ரீடிங் சொல்றேன், குறிச்சிக்கோங்க. காலையில ஆறு மணிக்குப் பதிமூணு புள்ளி மூணு வோல்ட். இன்னும் இறங்கலை. நீங்க சொன்ன மாதிரி பாரம் ஏத்திப் பார்த்தேன். அந்தப் பக்கத்துக் கட்டில் லைட்டையும் ஃபேனையும் ராத்திரி பத்து மணிக்குப் போட்டு வச்சேன். காலையில வரைக்கும் விடணும்னுதான் நெனச்சேன். ஆள் இல்லாத கட்டிலுக்கு ஃபேன் ஓடறதைப் பார்த்துட்டே படுத்திருக்க முடியலைங்க. மூணு மணிக்கு அணைச்சிட்டேன். அதனால எட்டு மணி நேரம்னு போடாதீங்க, அஞ்சுன்னு போட்டுக்கோங்க.”

மச்சான் சட்டென்று முகத்தைப் பேட்டரி அடுக்கின் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கும் ஒரு அக்கா இருந்தாள்.

“அக்கா,” என்றார் தங்கை.

அந்தப் பக்கம் அலையோ காற்றோ, ஏதோ ஒன்று மட்டும் கேட்டது.

“வச்சிடாதே. அந்தக் கடைசி வரியைப் பார்த்துட்டேன். அது என்னோட மிஷின்தானே? நான் அன்னிக்கு விளையாட்டுக்குச் சொன்னேன் அக்கா. சாக்குச் சொன்னேன்.”

“தெரியும்,” என்றது குரல்.

“தெரியுமா?”

“நீ விளையாட்டுக்குத்தான் சொன்னேன்னு அப்பவே தெரியும். எல்லாத்தையும் சரி பண்ணிட்டா உனக்குச் சொல்றதுக்கு சாக்கு இருக்காதுன்னு நெனச்சேன்.”

தங்கை கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “எனக்குக் கடல்னா பயம். அதைச் சொல்ல வெக்கமா இருந்தது.”

“அதை நீ சொல்லவே இல்லையே.”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?”

அக்கா யோசித்தார். அந்தப் பக்கம் அவர் யோசிப்பது இங்கே நின்றிருந்த நாலு பேருக்கும் தெரிந்தது.

“நம்ம ஊர் ஆத்துலயே நிறுத்தியிருப்பேன்,” என்றார் கடைசியில். “கரைக்குப் பக்கத்துல. எனக்கு என்ன, எங்க நின்னா என்ன.”

“அப்போ வா. ஆத்துல நிறுத்து. மிஷினோட வர்றேன். பயமா இருந்தாலும் வர்றேன்.” தங்கைக்கு மூச்சு வாங்கியது. “எத்தனை நாள் ஆகும்?”

“எதிர்க்காத்து. ஒரு வாரம் ஆகும்.”

“ஒரு வாரமெல்லாம் முடியாது. சீக்கிரம் வா.”

“அவசரப்பட்டு இழுத்தா பாய் கிழிஞ்சிடும்.”

“கிழிஞ்சா கிழியட்டும்,” என்று தங்கை அழுதுகொண்டே கத்தினார். “ரெண்டு பேரும் உக்காந்து தைச்சுக்கலாம். நீ வா.”